கீழ் வீட்டு டிவியில் என் திரை

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் லேப்டாப் திரை இருட்டாக இருந்தது. சாப்பிட உட்காரும் முன்தான், விண்டோஸுக்குப் பதிலாக நான் வைத்திருந்த லினக்ஸ் அப்டேட் கேட்டது, கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். கெர்னல் அப்டேட். கணினிக்குள் திரை, கீபோர்டு, வைஃபை என்று எல்லாவற்றையும் நடத்துகிற அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதைத்தான் புதிதாக மாற்றியிருந்தது.

அணைத்து மறுபடி போட்டேன். கம்பெனிச் சின்னம் ஒரு கணம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஆனால் விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. குத்துமதிப்பாகப் பாஸ்வேர்டைத் தட்டினேன், உள்ளே நுழைந்ததற்கான மணி அடித்தது. எல்லாம் நடக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. போனின் டார்ச்சைத் திரையில் அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

திருமுல்லைவாயிலில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், இரண்டாவது மாடியில் எனக்கு ஒரு சின்ன ஃப்ளாட். சொந்த ஊர் சிவகாசி. வேலை, மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது. அம்பத்தூரில் இருந்த ஆபீசை மூடி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். உடன் வேலை பார்ப்பவர்கள் அதற்குப் பிறகு எனக்கு எழுத்தாகத்தான் இருந்தார்கள். 'ஓகே', 'டன்', ஒரு கட்டைவிரல். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் பண்டிகைக்கு அழைப்பான். சில நாட்களில் கடையில் பால் பாக்கெட் கேட்டதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அன்று மாலைக்குள் ஒரு சோதனை அறிக்கையை ஏற்றியாக வேண்டும். ஆபீசில் உதவிக்கு இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை. போனில் தேடினேன். இதே மாடல், இதே அப்டேட், இதே இருட்டு என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள். அவர்கள் புலம்பலைப் படிக்கப் படிக்க, வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. "பழைய கெர்னல் உள்ளேயே இருக்கும், ஆரம்பத்தில் வரும் மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் மெஷின் சீக்கிரம் எழட்டும் என்று அந்த மெனு வராதபடி முன்பே செய்து வைத்திருந்தேன். எஸ்கேப்பை அழுத்தினேன், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மெனு வரவில்லை. கீழே இன்னொருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: டிவியில் மாட்டினால் படம் வருகிறது.

என்னிடம் கேபிள் இருந்தது. ஆபீஸ் மானிட்டரைத் திருப்பி அனுப்பியபோது கேபிள் மட்டும் தங்கிவிட்டது. டிவி இல்லை.

டிவி கீழ் வீட்டில் இருந்தது. அங்கே ஓர் ஆன்ட்டி தனியாக இருந்தார். கணவர் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸை விட்டு இங்கே வாங்கி வந்து, வந்த சில மாதங்களில் இறந்துவிட்டார். மகள் பூனாவில். இதெல்லாம் வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். பெல்லை அழுத்துவதற்கு முன் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தவர் என் கையில் இருந்த லேப்டாப்பையும் கேபிளையும் பார்த்தார்.

"இன்னாம்மா, உன் ஊட்ல கரண்ட் இல்லியா?"

"கரண்ட் இருக்கு ஆன்ட்டி. இதுல ஸ்க்ரீன் வரலை. உங்க டிவியில மாட்டிப் பார்த்துக்கலாமா? கொஞ்ச நேரம்தான்."

"டிவி கெட்டுப் பூடாதே?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப மாட்டு. நாடகம் எப்படியும் நேத்து போட்டதுதான்."

டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிக் கேபிளைச் செருகினேன். ரிமோட்டை அவர்தான் வைத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அழுத்தினார். நீலமாக ஒரு கணம், பிறகு பளிச்சென்று என் திரை, கூடத்துச் சுவரில் பாதிக்கு. நான் வைத்திருந்த கோப்புகள், பாதியில் விட்ட அறிக்கை எல்லாம் அவ்வளவு பெரிதாக. நைட்டியோடு வாசலில் நிற்பது போலக் கூச்சமாக இருந்தது.

அப்போது மூலையில் ஒரு கட்டம் எழும்பியது. ஆன்ட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"யா...ரிடமாவது பேசு. யாரும்மா இப்படிச் சொல்றது?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஒருமுறை மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தபோது குரல் கரகரவென்று வந்தது. சளியா என்று கேட்டார்கள். சளியில்லை. இரண்டு நாளாக யாரோடும் பேசியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த நினைவூட்டலைப் போட்டேன். தினமும் இந்த நேரத்துக்கு வரும், நான் அதை மூடிவிடுவேன்.

"நானேதான் போட்டு வெச்சேன் ஆன்ட்டி. மறந்துடக் கூடாதுன்னு."

அவர் சிரிக்கவில்லை. "இது நல்லா கீதே" என்றார். "நான் இன்னா பண்றேன் தெரியுமா? நாடகத்துல அவ அழுதா, அழாதடின்னு சொல்லுவேன். சத்தமாவே சொல்லுவேன்." எழுந்து காபி போடப் போனார்.

நான் வேலையைப் பார்த்தேன். மெனுவை மறைத்து வைத்திருந்த வரியை மாற்றினேன், கட்டளை கொடுத்தேன், மறுபடி ஆரம்பித்தேன். மெனு வந்தது, லேப்டாப்பிலேயே. கெர்னல் கிளம்புவதற்கு முன்னால் வருவது என்பதால் அது மட்டும் தெரிந்தது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். திரை அணைந்தது. இதிலும் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது.

"வந்துடுச்சு ஆன்ட்டி!" என்று கத்தினேன். நான் கத்தி எவ்வளவு நாளாயிற்று என்று அப்போது தோன்றியது.

சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து பார்த்தார். டிவியில் இருப்பதும் லேப்டாப்பில் இருப்பதும் ஒன்றா என்று மாறி மாறிப் பார்த்துச் சரிபார்த்தார். புதிய கெர்னல் தானாக வராதபடி நிறுத்திவைத்தேன். என் வீட்டு வைஃபை அங்கே லேசாகக் கிடைத்தது, அறிக்கையை அங்கிருந்தே ஏற்றினேன். காபியில் சர்க்கரை அதிகம். குடித்தேன்.

கிளம்பும்போது கேட்டார். "அடுத்த ஞாயித்துக்கெயம வேப்பம்பட்டுல என் தங்கச்சி ஊட்டுக்குப் போறேன். நீயும் வாயேன். சும்மாதானே கீற?"

"வேலை இருக்கு ஆன்ட்டி" என்றேன். வேலை எதுவும் இல்லை. யார் கூப்பிட்டாலும் அந்தப் பதில்தான் எனக்கு முதலில் வரும்.

அந்த ஞாயிறு காலை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அவர் ஒரு கட்டைப்பையோடு கேட்டைத் தாண்டிப் போனார். பை கனமாக இருந்திருக்க வேண்டும், கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருமுனைக்குப் போகும் வரை பார்த்தேன். பிறகு ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டுச் சுடிதாரை மாற்றிக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவரைப் பிடித்துவிட்டேன். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. பையின் ஒரு காதை என் பக்கம் நீட்டினார்.

தங்கச்சி வீடு நிறைய ஆட்கள். எனக்குச் சாப்பாடு போட்டார்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். சிவகாசி என்றதும் பட்டாசு என்றார்கள். அதன் பிறகு அவர்கள் தங்கள் பேச்சுக்குள் போய்விட்டார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். வீட்டில் தனியாக இருந்தபோது கூட அவ்வளவு தனியாகத் தோன்றியதில்லை. ஆன்ட்டி அதைக் கவனித்தார் போலிருக்கிறது. இரண்டு முறை என் இலைக்கு அப்பளம் வைத்தார்.

அவர் அங்கே சில நாள் தங்குவதாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் மட்டும் திரும்பினேன். ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்து, ரயில் வரும்வரை நின்றார். மகளைப் பற்றிச் சொன்னார். பூனாவுக்கு வந்துவிடு என்று கூப்பிடுகிறாளாம், அங்கே பேச்சு புரியாதாம். நான் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். ரயிலில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். திருநின்றவூர் தாண்டும்போது அண்ணனை அழைத்தேன். பண்டிகை எதுவும் இல்லாத நாள்.

"என்ன ஆச்சு?" என்றான் பதறி.

"ஒண்ணும் ஆகலை. சும்மாதான்."

சாப்பிட்டாயா என்று இரண்டு முறை கேட்டான். ஆவடி வரும்வரை அவன் போனை வைக்கவில்லை.