மீனுக்குப் போட்ட அம்மை

மழை தொடங்கிய இரண்டாவது வாரம், எங்கள் கொல்லைக் குளத்துத் தங்கமீன்களுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். ஏழு மீன்கள். உடம்பிலும் வாலிலும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மனிதர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளத்தருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

குளம் என்று சொல்வது அவர் மட்டும்தான். புக்கிட் ரோத்தானில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வீடு எங்களுடையது. பின்பக்கம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்தைத் தோண்டிச் சிமெண்டு பூசிய தொட்டி அது. புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை ஊறப்போட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே குலை தள்ளியிருந்த என் வாழையை வெட்டினார். குலை தள்ளாத மரம் பக்கத்திலேயே நின்றது. அது அவர் கண்ணில் படவில்லை.

வெயில் காலத்தில் குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் செத்துவிடும் என்பதால் இரண்டு நாள் டிரம்மில் வைத்து, மருந்து வாடை போன பிறகு மாற்ற வேண்டும். தண்ணீர் வெட்டு வந்தாலும் அந்த டிரம்மை நான் தொடக் கூடாது. அரை வாளியில் குளித்துவிட்டு வேலைக்குப் போன நாட்கள் எனக்குண்டு. அறுவடை முடிந்து வயல்பக்கத்துக் கொக்குகள் இந்தப் பக்கம் வந்தால் குளத்துக்கு வலை கட்ட வேண்டும். மழைக்காலத்தில் குளம் நிரம்பி, மீன் லோங்காங் சாக்கடையில் இறங்கி ஓடிவிடாமல் மொண்டு ஊற்ற வேண்டும். இதையெல்லாம் செய்தது யார்? ஐயா காலையிலேயே லோரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மாலையில் வந்து இரை போட்டுக் கொஞ்சுவதோடு அவர் வேலை முடிந்தது.

இப்போது அம்மை.

"ஆத்தா வந்துருக்கா. இன்னையிலேருந்து வீட்ல கவிச்சி வேணாம். தாளிக்காத, எண்ணெ வாடையே ஆகாது."

"மீனுக்காக மீன் கொழம்பு வேணாங்கிறீங்க."

"வெளாடாத லா," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

கோயில் மரத்து வேப்பிலையைக் கொத்துக் கொத்தாக ஒடித்து வந்து வலையில் செருகினார். மஞ்சளைக் கரைத்து ஊற்றினார். அந்த வாரம் சுங்கை ஆயர் தாவாரில் அவருடைய சொந்தத் தங்கை மகளுக்குக் கல்யாணம். அம்மை கண்ட வீட்டிலிருந்து போகக் கூடாது என்று அதற்கும் போகவில்லை. போனில் தங்கையிடம் "வீட்ல அம்மை" என்றாரே தவிர, யாருக்கு என்று சொல்லவில்லை. அந்தப் பெண் அண்ணிக்குத்தான் என்று நினைத்து அழுதாள்.

நான் வளர்ப்பு மீன் கடைச் சீனரைப் போய்க் கேட்டேன். குளிருக்கு வருகிற நோய்தான், கல் உப்புப் போட்டால் சரியாகிவிடும் என்றார். தினமும் லோரி தெருமுனை திரும்பியதும் மஞ்சள் தண்ணீரில் பாதியை மொண்டு கொட்டிவிட்டு, டிரம் தண்ணீரும் உப்பும் சேர்த்தேன். மீன்கள் என்ன பாவம் செய்தன? ஒரு வாரத்தில் புள்ளிகள் உதிர்ந்தன. அவர் ஆத்தா மனமிரங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கல்யாணமான வருஷம், தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எனக்கும் அம்மை போட்டது. இதே மனிதர் நாலு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு, ஒட்டிக்கொள்ளும் என்று அடுத்த லயத்திலிருந்த கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டார். என் அம்மா வீடு தூரம். காய்ச்சலோடு நானே வேப்பிலை பறித்தேன், நானே மஞ்சள் அரைத்தேன். அம்மை இறங்கும்போது ஊற்ற வேண்டிய மூன்று தண்ணீரையும் லயத்துக்குப் பின்னால் நின்று நானே தலையில் ஊற்றிக்கொண்டேன். இதை அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மீன்களுக்கு முதல் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை என்று குறித்தார். அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் சூடேற வைத்தார். பிறகு சொம்பை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஊத்து. பொம்பள கையால ஊத்துறதுதான் மொற."

"எனக்குப் போட்டப்ப யாரு ஊத்துனா?"

வேப்பிலையைக் கையால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நீயேதான் ஊத்திக்கிட்ட," என்றார். "மூணு தண்ணியும். ரெண்டாந் தண்ணிக்கு வாளிய கீழ போட்டுட்ட. அந்த லயத்துலேருந்து பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

முப்பது வருஷமாக, தெரியாமல் இருந்துவிட்டார் என்று நினைத்து மன்னித்து வைத்திருந்தேன். வாளி விழுந்ததுவரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சொம்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"நீங்களே ஊத்துங்க. அதுங்களுக்காவது ஆளு இருக்கட்டும்."

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இன்னும் இரண்டு தண்ணீர் பாக்கி இருந்தது. எண்ணெய் நன்றாகக் காயும்வரை பொறுத்திருந்து, கை நிறையக் கடுகை அள்ளிப் போட்டேன்.