மணலைத் துடைத்த அழகமுத்து

கலஹாவிலிருந்து தினமும் கண்டிக்கு வரும் அழகமுத்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அழுக்கு என்றாலே அவருக்கு ஆகாது. பஸ்ஸில்கூட ஆசனத்தைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

யாழ்ப்பாணத்து ஆராய்ச்சியாளர் பாலாம்பிகை அந்த ஆய்வுக்கூடத்தில் திருகோணமலைக் கடற்பஞ்சு என்ற கடலுயிர் ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். சில கடற்பஞ்சுகள் மேலே விழும் மணலை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். இதுவும் இழுக்குமா என்று பார்க்கத் தினமும் மாலையில் அதன்மேல் மணல் தூவினார். காலையில் ஒரு மணல் துகள்கூட இருக்காது. பாலாம்பிகை பூரித்துப்போனார். ஆனால், பத்தாம் நாள் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால் உள்ளேயும் மணல் இல்லை!

"மேலையும் இல்லை, உள்ளையும் இல்லை. எங்கை போச்சுது?"

தேநீர் கொண்டுவந்த அழகமுத்து பெருமையாகச் சொன்னார்: "நான்தாங்க மேடம், காலையில வந்ததும் பிரஷ்ஷால துடைச்சு விடுறேன். வாயில்லாத உசுரு மண்ணோட கிடக்கலாமா?"

"ஐயோ அண்ணை, அதுக்கு அந்த மண்தான் வேணும்!"

இனித் தொடமாட்டேன் என்று அழகமுத்து வாக்குக் கொடுத்தார். ஆனால், மறுநாள் மணலைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஒரு வாரம் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். காரணம்: 'கை சும்மா இருக்காது.'

திரும்பி வந்தபோது பாலாம்பிகை நுணுக்குக்காட்டியில் காட்டினார். கடற்பஞ்சின் சதைக்குள் மணல் பதிந்திருந்தது. கூரான பளிங்கு மணலின் முனைகள் கரையத் தொடங்கியிருந்தன.

"கல்லையே கரைக்குதா? பல்லுகூட இல்லையேங்க!" அழகமுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தயங்கிக் கேட்டார்:

"தூவுறதுக்கு முன்னாடி மணலையாவது கழுவிக் குடுக்கட்டுங்களா?"