ரூபா எழுதிய விதி

ரூபாவை நாற்காலியில் உட்காரவைப்பது பெரும்பாடு. போர்ட் பிளேரில் எங்கள் அலுவலகத்தில் யாராவது நடந்துகொண்டே வேலை பார்க்கிறார்கள் என்றால் அது அவர்தான். தீவுகளிலிருந்து வரும் மனுக்களை ஸ்கேன் செய்து உரிய பிரிவுக்கு அனுப்பும் மென்பொருள் அவருடைய பொறுப்பு.

முன்பெல்லாம் ஒவ்வொரு மனுவுக்கும் திரை வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்தத் தீவு, என்ன வகை, எந்தப் பிரிவு, எவ்வளவு அவசரம். சோம்பேறிகளான நாங்கள் முதலில் தெரிவதையே தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். பொறுத்துப் பார்த்த ரூபா கடுப்பாகி விதிகள் எழுதினார். தீவைத் தேர்ந்தெடுத்தால் போதும். மற்றவை தாமாக நிரம்பும், கேள்விகள் மறைந்துவிடும். ரிசார்ட்டுகள் நிறைந்த ஹேவ்லாக் தீவு என்றால் சுற்றுலாப் பிரிவு, ரிசார்ட் உரிமம். மழைக்காலத்தில் வந்தால் 'அவசரமில்லை'. சீசன் தொடங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வேறென்ன வரப்போகிறது என்று நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம்.

எங்களுக்குக் கொண்டாட்டம். அவருக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. பிரிவு பிரிவாகப் போய், எல்லாம் சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "டென்ஷன் மத் லோ மேடம், கவலப்படாதீங்க, எல்லாம் ஓடுது" என்று எங்களில் ஒருவனான சுதாகர் சிரிப்பான். யாரும் குறையே சொல்லாததுதான் அவரைப் படுத்தியது.

ஆடிக் காற்றில் படகுகள் ஓடியும் ஓடாமலும் இருந்த ஒரு காலையில், ஹேவ்லாக்கிலிருந்து ஈஸ்வரன் என்பவர் போன் செய்தார். பாக்குத் தோட்டக்காரர். மனைவிக்கு வயிற்றில் கட்டி. மெயின்லேண்டில் வைத்தியம் பார்க்க, கப்பலில் இடம் கேட்டு மனுப் போட்டிருந்தார். பதிலே வரவில்லை. சென்னைக் கப்பல் முந்தின நாள்தான் கிளம்பிப் போயிருந்தது.

ரூபா நின்றபடியே தேடினார். மனு சுற்றுலாப் பிரிவில், ரிசார்ட் உரிமங்களுக்கு நடுவே, சீசனுக்காகக் காத்துக் கிடந்தது. அச்செடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். அதிகாரி கையெழுத்துப் போடும்வரை மேசையை விட்டு நகரவில்லை. இடம் கிடைத்தது, ஆனால் அடுத்த வாரக் கப்பலில்.

இறங்கி வந்ததும், மறைத்த கேள்விகளில் ஒன்றைத் திரைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்: மனுதாரர் கேட்பது என்ன? அதை நிரப்பாமல் இனி மனு நகராது. மறுபடியும் கேள்வியா என்று முனகிய சுதாகர், அவர் பார்த்த பார்வையில் அடுத்த மனுவை எடுத்து ஸ்கேனரில் வைத்தான்.

பிறகு ஈஸ்வரனை அழைத்து, மனு எங்கே கிடந்தது என்பதையும் கப்பல் எப்போது என்பதையும் சொன்னார். மனைவி வலியில் தூங்குவதே இல்லை என்றும், அதுவரை எப்படியாவது சமாளித்துக்கொள்வதாகவும் ஈஸ்வரன் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட ரூபா தாங்கியிருப்பார்.

"ஹேவ்லாக்னாலே எங்களையெல்லாம் ரிசார்ட்காரங்கன்னு நெனச்சுடுறாங்கம்மா. இப்ப கம்ப்யூட்டரும் அப்படித்தான் நெனைக்குதா?"

"கம்ப்யூட்டர் இல்லண்ணே" என்றார் ரூபா. "நான்தான் நெனச்சேன்."