டி டிரைவில் இருந்த குரல்

அப்பாதுரைக்கு இருபத்தெட்டு வருஷம் சோறு போட்டது அவருடைய தொண்டை. பெங்களூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். சிவாஜிநகரில் வண்டி கிளம்பும்போது அவர் போடும் ‘ரைட்’ டிரைவர் காதில் விழுந்ததோ இல்லையோ, எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த பயணி டம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவான் என்று டிப்போவில் சொல்வார்கள். கன்னடக்காரனைக் கன்னடத்தில், சாயபுவை அவர் பாஷையில், தமிழனைத் தமிழில் முன்னால் நகரச் சொல்வார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அதட்டினாலும் அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருக்கும்.

இரண்டாயிரத்தில் மழைக்காலம் முடியும்போது குரல் கம்மியது. தூசு, பீடி, வயசு என்று தானே காரணம் சொல்லிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினார். டிக்கெட் கேட்கும் சத்தம் முதல் சீட்டைத் தாண்டாமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். கடைசியில் டாக்டரம்மா அவருடைய மகள் ரூபினியைத் தனியாகக் கூப்பிட்டு, குரல்வளையை எடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம், அதற்கப்புறம் பேச்சு வராது என்றார்.

ரூபினி அப்போது பி.சி.ஏ. கடைசி வருஷம். மர்பி டவுனில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகள் படிப்புக்காக அப்பாதுரை பி.எஃப். பணத்தில் கடன் போட்டு, எஸ்.பி. ரோடில் உமேஷ் என்பவரின் கடையில் பாகம் பாகமாகச் சேர்த்து வாங்கியது. முன்னறையில், புத்தர் படத்துக்குக் கீழே, மேஜைமேல் அதற்குத்தான் இடம்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் ரூபினி அப்பாவை அதன்முன் உட்கார வைத்து, தலையில் மைக் மாட்டினாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. மேடைப்பேச்சு வேண்டாம், வீட்டில் தினமும் அம்மாவிடம் என்ன சொல்வாரோ அதைச் சொன்னால் போதும் என்றாள் மகள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சரசுவுக்கு எழுத்துத் தெரியாது. காக்ஸ் டவுனில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். பஸ்ஸைக்கூட நிறத்தையும் கூட்டத்தையும் பார்த்துத்தான் ஏறுவாள். நாளைக்கு அவர் எழுதிக் காட்டினால் அது அவளுக்குக் கோலம் மாதிரிதான்.

கம்மிய குரல்தான், ஆனாலும் அவர் குரல். ‘சரசு, இங்க வா.’ ‘சரசு, டீ குடு.’ ‘வலிக்குது.’ ‘ரூபினி வந்துட்டாளா?’ இப்படிப் பதினொன்று பதிவானது. சரசு அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, மைக்கைக் கிட்டே இழுத்து, “ஒண்ணும் இல்ல சரசு, சும்மாதான் கூப்ட்டேன்” என்றார். அதுவும் பதிவானது. அவ்வளவையும் ரூபினி டி டிரைவில், அவரைத் தான் கூப்பிடுகிறபடியே ‘நைனா’ என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. மோவாய்க்குக் கீழே வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அதிலிருந்து வந்த இரைச்சலைக் கேட்டு சரசு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்த அப்பாதுரை கருவி வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார். வேலையிலிருந்து மருத்துவ ஓய்வு கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, சரசு பின்னால் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து, ‘சரசு, இங்க வா’ என்று கேட்டது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அப்பாதுரை எலிப்பொறியைத் தொடுகிறவர் மாதிரி மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரசு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

அது அவர்களுக்கு வாழ்க்கை ஆயிற்று. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் படுக்கும்போதுதான் அணைப்பார். மின்சாரம் போனால் மட்டும் டம்ளரால் மேஜையைத் தட்டுவார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது, காரணமே இல்லாமல், ‘ஒண்ணும் இல்ல சரசு, சும்மாதான் கூப்ட்டேன்’ என்று கேட்கும். சரசு அடுப்படியிலிருந்தே, “இங்க எனக்கு வேல கீது, சும்மா சும்மா கூப்டாதீங்க” என்பாள். பக்கத்து வீட்டு டோரதி முதலில் பயந்தாள். பிறகு அந்தக் குரல் கேட்காத நாளில் நலம் விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

ரூபினி இரண்டாயிரத்து இரண்டில் கல்யாணமாகிக் கோயமுத்தூர் போனாள். அதற்குள் அப்பாதுரை கம்ப்யூட்டரில் நன்றாகவே தேறியிருந்தார். பேச்சில்லாத மனிதருக்குக் கைநிறைய நேரம். பெட்டியைக் கழற்றித் தூசு தட்டுவார், திரும்ப மாட்டுவார். உமேஷ் கடைக்குப் பஸ்ஸில் போய், சீட்டில் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார். உமேஷும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்.

அப்படிப் போன ஒருநாள், கடையில் ஒருவருடைய ஹார்டு டிஸ்க் கெட்டுப்போய் உள்ளேயிருந்த எல்லாம் தொலைந்த கதையைக் கேட்டார். அன்றைக்கு அவர் மதியம் சாப்பிடவில்லை. பன்னிரண்டு பதிவும் ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. சிடியில் எழுதும் வசதி அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. இன்னொரு டிஸ்க் மாட்டி அதிலும் ஒரு நகல் வைத்தால் மனசுக்கு நிம்மதி என்று முடிவுசெய்தார்.

உமேஷ் பழைய டிஸ்க் ஒன்றைக் கொடுத்து, எப்படி மாட்டுவது, எப்படி ஃபார்மேட் போட்டுத் துடைத்துத் தயார்செய்வது என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார். புதிதாக மாட்டுவதுதான் ‘டி’ என்று வரும், பதிவுகள் இருக்கும் பழைய டி ‘இ’ என்று தள்ளிப்போகும், ஆகவே டியை ஃபார்மேட் போடவேண்டும் என்று அதில் இருந்தது. அப்பாதுரை அப்படியே செய்தார். சரியாகவே வந்தது. ஆனால் அந்த டிஸ்க் ஓடும்போது பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் போட்டது. நம்பக்கூடாது என்று, நகல் எடுக்காமலே கழற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று உமேஷ் கடையில் இல்லை. வேலையாள் வேறொன்றை மாற்றிக் கொடுத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதை மாட்டினார். அந்த டிஸ்க் முன்பே யாரோ வேறு விதமாகப் பிரித்து வைத்தது. அதனால் அது இ என்று போய் நின்றது. பழைய டி நகராமல் தன் இடத்திலேயே இருந்தது. அது அப்பாதுரைக்குத் தெரியாது. போன தடவை செய்த கைப்பழக்கத்தில் டி என்று அடித்தார். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. போன தடவையும் கேட்டதுதானே. ஒய் என்று அழுத்திவிட்டு, நூறு சதவீதம் ஆகும்வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு நகல் எடுக்கப் போனார். இ திறக்கவில்லை. டி திறந்தது; உள்ளே ஒன்றும் இல்லை.

பதற்றத்தில் மனிதனுக்குப் புத்தி நிற்காது. விண்டோஸில்தான் ஏதோ கோளாறு, எல்லாவற்றையும் திரும்பப் போட்டால் வந்துவிடும் என்று நினைத்தார். சிடியைப் போட்டு, சி, டி, இ மூன்றையும் துடைத்து, புதிதாக எல்லாம் ஏற்றினார். முடியும்போது வெயில் சாய்ந்திருந்தது. நைனா என்ற ஃபோல்டர் எங்கேயும் இல்லை. நெற்றியை மேஜைவிளிம்பில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

அன்றைக்கும் மறுநாளும் அவர் கூப்பிடவில்லை. சரசு தானாக வந்து வந்து பார்த்தாள். மூன்றாம் நாள், ஸ்பீக்கர் ரிப்பேரா என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையசைத்தார். நடந்ததைச் சொல்ல அவரிடம் எழுத்துதான் இருந்தது. அவளுக்கு அது உதவாது. திரையைக் காட்டினார், கையை விரித்தார், தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கழுத்தில் வலியென்று நினைத்து அவள் மாத்திரை எடுத்துவந்தாள்.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் மகளுக்கு மெயில் அடித்தார். நடந்ததை எழுதி, ‘நீ அம்மாகிட்ட சொல்லிடு’ என்று முடித்தார்.

சாயந்தரம் போன் வந்தது. சரசு எடுத்தாள். அப்பாதுரை இரண்டடி தள்ளி, தண்டனைக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். மறுமுனையில் ரூபினி அழுதுகொண்டே சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. சரசுவின் முகம் மட்டும் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை, “எல்லாமேவா?” என்று கேட்டாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைத் துணியால் துடைத்தாள். அவர் பக்கம் திரும்பி, “நீங்க வேணும்னா செஞ்சீங்க?” என்றாள். “சாப்ட வாங்க.”

அந்த வாரமே ரூபினி வந்து டிஸ்க்கைக் கழற்றி உமேஷிடம் எடுத்துப்போனாள். அவருக்கும் மனசு ஆறவில்லை. தன் கடையில் கொடுத்தது சரியாக இருந்திருக்கவேண்டும் என்று வருத்தப்பட்டார். அழிந்ததை மீட்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓட்டிப்பார்த்தார். ஃபார்மேட் மட்டும் என்றால் எடுத்திருக்கலாம், மேலே மறுபடி எழுதியாயிற்று என்றார். ஒரே ஒரு ஃபைலில் நாலு வினாடி திறந்தது. ஃபேன் சுற்றும் சத்தம், அதில் ரூபினியின் குரல்: ‘நைனா, இப்ப பேசு.’ அதோடு நின்றுவிட்டது. ரூபினி கடை வாசலில் நின்று அழுதாள். அதை வீட்டில் யாருக்கும் போட்டுக்காட்டவில்லை.

அப்பாதுரை கம்ப்யூட்டரை அதற்கப்புறம் தொடவில்லை. சரசு ஒரு காரியம் செய்தாள். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு வேலையை விட்டாள். மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வை முன்னறைக்குக் கொண்டுவந்தாள். காய் நறுக்குவது, அரிசி புடைப்பது, எல்லாம் அவர் கட்டிலுக்கு எதிரே. புகை அவருக்கு ஆகாது என்று டோரதி சொன்னபோது ஸ்டவ்வை மட்டும் திரும்ப உள்ளே வைத்தாள், ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து, “கூப்ட்டீங்களா?” என்று கேட்பாள். அவர் இல்லையென்று தலையசைப்பார். சில சமயம் ஆமாம் என்பார். ஆமாம் என்ற நாளில் ஒரு வேலையும் இருக்காது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

நோய் இரண்டாயிரத்து நாலில் நுரையீரலுக்குப் போனது. பங்குனி மாதம், ஒரு மதியம், அவள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. அவர் உதடு அசைந்ததை அவள் பார்த்தாள். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. புத்த விகாரையிலிருந்து ஆட்கள் வந்து பஞ்சசீலம் சொன்னார்கள். டிப்போவிலிருந்து காக்கி உடுப்போடு ஏழெட்டுப் பேர் வந்து, மாலை போட்டுவிட்டுப் போனார்கள்.

காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது ரூபினிக்கு ஆறாம் மாதம். அம்மாவையும் கூட வரச்சொன்னாள். சரசு மாட்டேன் என்றாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாத்தா குரலைக் கேட்க வழியில்லாமல் போயிற்றே, அன்றைக்கே இன்னொரு இடத்தில் எடுத்து வைக்காதது என் தப்புதானே என்று மகள் விம்மியபோது, சரசு அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“எனக்கே இப்ப சரியா நெனப்புல இல்லம்மா” என்றாள். “மொகம் வருது. குரல் வர மாட்டேங்குது. காலையில முழிச்சதும் செத்த நேரம் கண்ண மூடிப் பாப்பேன். வராது. எந்திரிச்சி தண்ணி புடிக்கப் போயிடுவேன்.”