ஆட்சேபணைக்கு முப்பது நாள்

அந்த முப்பது நாளும் நான் முழுசாக விழித்திருந்தேனா என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தால் வெளியே பனியும் லாரிப் புகையும் கலந்து ஒரே வெள்ளையாக ஓடும். கண்ணை மூடினாலும் கம்பெனி அசெம்ப்ளி லைன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதில் ஒயருக்குப் பதிலாக எங்கள் இருவர் பெயரும் எழுதிய தாள் வரும். ஏதோ ஒரு கை அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ரிஜெக்ட் தட்டில் போடும். சில நாள் அது அம்மாவின் கையாக இருக்கும்.

அந்த அரைத்தூக்கத்தோடே பாதி வழியில் இறங்கிவிடுவேன். பதிவு அலுவலகம் திறக்கும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்து, வராண்டா பலகையில் எங்கள் திருமண நோட்டீஸ் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போவேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் வாலாஜாபாத் பக்கத்து இந்து. அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. ஒருமுறை எங்கள் ஊர் சர்ச் விருந்துக்கு அவரை அழைத்துப் போயிருந்தேன். வேர்க்க விறுவிறுக்க மூன்று பந்திக்குச் சோறு பரிமாறினார். அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று.

"பையன் தங்கம்தான். ஞானஸ்நானம் மட்டும் எடுத்துரட்டும், அடுத்த ஞாயித்துக்கிழமையே சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுதேன்" என்றாள். அவர் அம்மாவோ, "பொட்டு வெச்சிக்கினு கோயில்ல தாலி கட்டிக்கட்டும், வேற இன்னா கேட்டுட்டேன் நானு?" என்றார். இரண்டு பேரும் கைமாற்றாகக் காப்பித்தூள் கேட்பதுபோலத்தான் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஜெபத்தை நான் ஏன் விட வேண்டும்? அவர் சாமியை அவர் ஏன் விட வேண்டும்? கட்டிக்கொள்ளப் போவது ஆளையா, ஆளின் சாமியையா?

அதனால்தான் பதிவு அலுவலகம் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர், "கோயில்ல கல்யாணம் பண்ண ரசீது கீதா? சர்ச் லெட்டராவது கீதா?" என்றார். இரண்டும் இல்லை என்றேன். "அப்போ என்னை இன்னாமா பண்ணச் சொல்ற?" என்று அவர் குரலை உயர்த்தவும், உள்ளேயிருந்து சார்பதிவாளர் எழுந்து வந்தார். நெற்றி நிறைய நாமம். செத்தோம் என்று நினைத்தேன்.

"சிறப்புத் திருமணச் சட்டம்பா. அந்த ஃபாரத்த எடுத்துக் குடு. அதுல எந்தச் சாமின்னு கேக்க கட்டமே கிடையாது" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நெற்றியை வைத்து ஆளை எடை போட்டவள் நான்தான்.

முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும், யாரும் ஆட்சேபணை எழுதித் தரலாம் என்றார்கள். என் சொந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகுமாம். ஊரே எதிர்த்தாலும் நிற்பேன். அம்மா எதிர்த்தால் என்னால் நிற்க முடியாது.

பன்னிரண்டாம் நாள் காலை எங்கள் நோட்டீஸின்மேல் யாரோ 'ஆட்கள் தேவை, உணவு தங்குமிடம் இலவசம்' என்று ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பசை ஈரம்கூடக் காயவில்லை. அன்று கூட வந்திருந்த அவருக்கோ ஒரே குஷி.

"வுடு, மூடிக்கினே கிடக்கட்டும். ஒருத்தனும் பாக்க மாட்டான்."

"ஏன், நான் என்ன களவாண்டா கல்யாணம் பண்ணுதேன்?" என்று நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். வேகத்தில் அவர் பெயரில் பாதியும் சேர்ந்து கிழிந்து வந்துவிட்டது. கையில் தாளோடு திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். சார்பதிவாளர் சிரித்துக்கொண்டே வேறு நகல் ஒட்டச் சொன்னார். நாள் கணக்கு மாறாது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இருபத்தெட்டாம் நாள் டீக்கடையில் இருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

"நம்மூரு ஆபீசுல உன் பேரு ஒட்டியிருக்குன்னு சொன்னாவ. போய்ப் பாத்தேன்."

தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"ஆட்சேபணை எழுதிக் குடுத்தேன் பிள்ள. பையன் வேற மதம்னு எழுதுனேன். அந்த ஆபீசர் வாசிச்சிட்டு, 'சட்டத்துல இது ஒரு காரணமே இல்லம்மா. பையன் முன்னாடியே கல்யாணம் ஆனவனா, வயசு பத்தாதா, அப்படி ஏதும் இருந்தா எழுதுங்க'ன்னு தாளைத் திருப்பிக் குடுத்துட்டாரு."

டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"மூணு நாளா அந்தத் தாளைக் கையில வச்சிக்கிட்டே யோசிச்சிட்டேன். அவன்கிட்ட வேற ஒரு கொறையும் எனக்கு எழுதத் தெரியல."

பிறகு, "என்னைக்கு வரணும்? சாட்சிக் கையெழுத்துக்கு ஆதார் கார்டு கொண்டாரணுமா?" என்றாள்.