பின்பக்கத்துக்கு மட்டும் ஸ்பிரிங்

இன்று காலை வேலணை கராஜில் அன்ரனுடன் நின்றேன். மண்டைதீவு நண்பன். கடல் தொழிலை விட்டு, போன கிழமைதான் புங்குடுதீவு முதலாளி ஒருவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாரதியானவன்.

முதலாளி கராஜில் கிடந்த ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார்.

"இருக்கிறதுக்குள்ள விறைப்பானதைப் பின்னுக்குப் போடும்" என்றார் மெக்கானிக்கிடம்.

"முன்னுக்கு?" என்று நான் கேட்டேன்.

"முன்னுக்குப் பழசே காணும், மாத்தத் தேவையில்லை."

"வேகமா ஓடுறதுக்கெண்டால் நாலையும் மாத்த வேணுமெல்லோ?"

"நீர் ஆர் தம்பி?" என்றார். மெக்கானிக் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

பட்டணம் போகும் வழியில் பண்ணைப் பாலத்தடியில் பொலிஸ் எந்தக் காரை மறிக்கும் என்பது தீவு முழுக்கத் தெரியும். கள்ளமாக வந்த இந்தியச் சேலைக் கட்டுகளின் பாரத்தில் பின்பக்கம் பதிந்து வரும் காரைத்தான். விறைப்பான ஸ்பிரிங் போட்டால் அது பதியாது.

அன்ரனைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னேன். "பிடிபட்டால் மறியலிலை கம்பி எண்ணுறது நீதான்ரா, அவரில்லை."

"காசுக்காரரெண்டால் உனக்குக் கண்ணிலை காட்டேலாது. என்ர பிழைப்பைக் கெடுக்காதை."

பின்னேரம் அந்தக் கார் பட்டணப் பக்கம் போனது. அன்ரன் மட்டும் இருந்தான். சிரித்துக்கொண்டு கையைக் காட்டினான். பின்பக்கம் கொஞ்சமும் பதியவில்லை.

நான் பஸ்ஸுக்கு நின்றேன். எனக்குப் பின்னால் முதலாளியும் பட்டணத்துக்குப் போக நின்றார்.

எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறேன் என்று என்னைத் திட்டுகிறவர்களே, சொந்தக் காரைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டு அவர் ஏன் பஸ்ஸில் வந்தார்? காரணம் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.