சுந்தரவல்லியின் பாதி முடி

தோட்டக் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு எதிரே ஒரு மலை நிற்கிறது. அதன் உச்சியில் தோட்டத்துத் துரையின் பங்களா, சரிவெல்லாம் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். ஆனால் இந்த மலைக்குச் சாமி கிடையாது. மலாயாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. மதுரைப் பக்கம் எங்கள் ஊர் விளாங்குடியில் வயலில் குனிந்து நிமிர்ந்தால் வடகிழக்கே அழகர்மலை நீலமாகத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நாற்றுக்கட்டில் கை வைப்போம். என் மனைவி பேச்சியம்மாள் அந்தப் பழக்கத்தைக் கடல் தாண்டியும் விடவில்லை. விடிந்ததும் வாசலில் நின்று எதிர்மலையைக் கும்பிடுவாள். மளிகைக்கடைச் சீனர், இங்கே அவரைத் தவுக்கே என்பார்கள், பலநாள் இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னை நிறுத்தி, “ஹாரி ஹாரி தபே துவான்?” என்றார். தினமும் துரைக்குச் சலாமா என்று மலாயில் கேட்கிறார். இல்லை, சாமிக்கு என்றேன். அவர் பங்களாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். துரையையே நாங்கள் சாமியாக்கிவிட்டோம் என்று நினைத்திருப்பார். வீட்டில் சொன்னால், “அவரு கெடக்காரு. எந்த மலையக் கும்பிட்டாலும் அழகருக்குப் போயிச் சேராதா?” என்றாள் பேச்சி.

எங்கள் மகள் சுந்தரவல்லி இந்த லயத்தில்தான் பிறந்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் முடியை அழகர்மலை அடிவாரத்தில்தான் இறக்குவோம். அதுவரை பிள்ளையின் தலையில் கத்தரி படக்கூடாது. ஊருக்குப் போக லீவு கிடைக்காமலே மூன்று வருஷம் ஓடிவிட்டது. முடி தோளைத் தாண்டி இறங்கியது. “இது நம்மளுது இல்ல, அழகருது. பாத்துக் குடுக்கத்தான் நாம இருக்கோம்” என்று சொல்லிச் சொல்லிச் சிக்கெடுப்பாள் பேச்சி. அப்போதுதான் பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் பேச்சி கஞ்சி வாங்கப் போன சமயம், மலாய் நர்ஸம்மாள், பிள்ளையின் தலையில் ஈரத்துணி போடத் தோதாக இருக்கட்டும் என்று முடியைக் கத்தரிக்கத் தொடங்கிவிட்டாள். பேச்சி திரும்பி வந்தபோது இடதுபக்கம் முழுக்கப் போயிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் நான் வராந்தாவிலிருந்து ஓடிவந்தேன். பிள்ளை மொட்டையாகிவிடுமே என்று தாய் அழுவதாக நினைத்துக்கொண்டு அந்த நர்ஸம்மாள், “தும்போ லாகி, தும்போ லாகி” என்று பேச்சியின் முதுகைத் தடவினாள். மறுபடி வளரும் என்று அர்த்தம். சாமி முடி என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? வெட்டியதைக் கூட்டிப் பின்பக்கக் குழியில் கொட்டிவிட்டார்கள். கட்டிலடியில் கிடந்த ஒரு பிடியைத்தான் பேச்சி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் பேச்சிக்கு நிம்மதி போயிற்று. எட்டு மாதம் கழித்துக் கப்பலேறி ஊருக்கு வந்தபோது, ஏறுமாறாக இருந்த தலையைப் பார்த்து அண்ணி விசாரித்தாள். “காய்ச்சல்ல கொட்டிருச்சு அக்கா” என்று சொல்லிவிட்டாள் பேச்சி. நானும் வாயைத் திறக்கவில்லை. கருக்கலில் வண்டி பூட்டி எல்லோரும் அழகர்கோயிலுக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் அண்ணன் மாட்டோடு பேசிக்கொண்டு வந்தார். பேச்சி மஞ்சள் துணி முடிச்சை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் பயந்தது அழகருக்கு அல்ல, வாசலில் நிற்கும் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு. அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக மலையாளச் சீமையிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் வந்தார்கள் என்றும், அவர்களைக் கொன்று பதினெட்டுப் படிகளின் கீழே புதைத்தார்கள் என்றும், அவர்களோடு காவலாக வந்த கருப்பர் அழகரின் அழகில் மயங்கி இங்கேயே காவல் நின்றுவிட்டார் என்றும் சொல்வார்கள். அவருக்கு உருவம் கிடையாது. சந்தனம் பூசிய சாத்திய கதவுதான் சாமி. அந்தக் கதவுக்கு முன்னால் பொய் சொல்லித் தப்பித்தவர் இல்லை.

அடிவாரத்தில் முடியெடுக்கும் பெரியவர் பிள்ளையின் தலையை நனைத்துவிட்டு, “மொத முடிதானே?” என்று கேட்டார். “ஆமா, மொத முடிதான்” என்று முந்திக்கொண்டாள் அண்ணி. கத்தி தலைக்கு வந்துவிட்டது. “நிறுத்துங்கண்ணே!” என்று பேச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ், கத்தரி, குழி, அண்ணியிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள். மஞ்சள் துணியையும் அவிழ்த்துக் காட்டினாள். “அக்கரைக்குப் போயி அண்ணிகிட்டயே பொய் சொல்லப் படிச்சிட்டு வந்திருக்கீக” என்றார் அண்ணன். எனக்குத் தலை நிமிரவில்லை. பெரியவர் மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“இம்புட்டுக்காகவா ஆத்தா எட்டு மாசம் வெந்து கெடந்த? அது பிள்ள பொழைக்கப் போன முடி. கருப்பரு மட்டும் இந்த ஊர்லயா பொறந்தாரு? அவரும் வேத்துச் சீமையில இருந்து வந்தவருதான். வந்த எடத்துல மனுசருக்கு என்னென்ன ஆகும்னு அவருக்குத் தெரியாதா? போயி அவர்ட்டயே சொல்லிட்டு வா. கத்தி காத்திருக்கும்.”

பேச்சி போனாள். கதவுக்கு முன்னால் என்ன சொன்னாளோ, நான் கேட்கவில்லை. நெற்றியில் சந்தனத்தோடு திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து எனக்கே மூச்சு வந்தது. பெரியவர் அந்தப் பிடி முடியை முதலில் இலையில் வைத்து, அதன்மேல் வலப்பக்க முடியையும், இடப்பக்கம் புதிதாக முளைத்திருந்ததையும் இறக்கினார். பிறகு மலையேறிச் சிலம்பாற்றில் பிள்ளையை நீராட்டினோம். பெருமாள் உலகளக்கக் கால் தூக்கியபோது அவர் சிலம்பில் பட்டுத் தெறித்த தண்ணீர் அது. அந்தக் கால் உலகமெல்லாம் அளந்தது என்றால் எங்கள் கித்தாக்காட்டையும் சேர்த்துத்தானே அளந்திருக்கும்? அண்ணனிடம் கேட்டேன். “அங்கிட்டு மட்டும் விட்டுட்டா அளப்பாரு?” என்றவர், என் கையில் கோயில் பிரசாதமான அழகர் தோசையை வைத்து, “தின்னு” என்றார். அவர் கோபம் அதோடு போயிற்று.

தோட்டத்துக்குத் திரும்பியதும் பேச்சி முதல் வேலையாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸம்மாள் பிள்ளையின் மொட்டைத் தலையைக் கண்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். பாதி வெட்டியதற்கு அந்த அழுகை அழுதவள், இப்போது தானே பிள்ளைக்கு முழுசும் மழித்துக் கூட்டி வந்திருக்கிறாளே! பேச்சி சிரித்தபடி, “தும்போ லாகி” என்றாள். அப்புறம் பின்பக்கம் போய், முடியைக் கொட்டிப் புல் மூடிக் கிடந்த அந்தக் குழியில், ஊரிலிருந்து சொம்பில் கொண்டுவந்த சிலம்பாற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினாள்.

இப்போதெல்லாம் விடிந்ததும் அவளுக்கு இரண்டு கும்பிடு. எதிர்மலைக்கு ஒன்று, திரும்பி ஆஸ்பத்திரிப் பக்கம் ஒன்று. தவுக்கே கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். டாக்டருக்கும் சலாமா என்று என்றைக்குக் கேட்கப் போகிறாரோ.